கம்பளிப்பூச்சிக்குக் காம்பவுண்டு சுவர் தெரியாது

ஒரகடம் கூட்டுரோட்டில் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்தித்துக்கொள்கின்றன. அங்கிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் கார், லாரி, டயர், மோட்டார் சைக்கிள் செய்யும் ஆலைகள். சாலையை விட்டு ஊருக்குள் இறங்கினால் வேறு காட்சி. வல்லம், வடகால், மாத்தூர், எழிச்சூர், வெங்காடு என எந்த ஊரை எடுத்தாலும் முன்பக்கம் ஓனர் வீடு, பின்பக்கம் வரிசையாக வாடகை அறைகள், அறைகளுக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு முருங்கை. மரத்திலிருந்து ஜன்னல் கம்பிக்கு இழுத்துக் கட்டிய கொடியில் கம்பெனிச் சீருடைகள் காயும். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர்கள் பகலில் அந்த அறைகளில் தூங்குவார்கள்.

வடகிழக்குப் பருவமழை பிடித்து, நாலு நாள் அடித்து ஓய்ந்த பிறகு இந்த முருங்கைகளில் கம்பளிப்பூச்சி ஏறும். அடிமரத்தில் கூட்டமாக அவை கண்ணில் படுவதற்கு முன்பே யாராவது ஒரு குழந்தைக்குக் கழுத்திலும் முழங்கையிலும் தடித்திருக்கும். கொடியில் காய்ந்த சட்டையை எடுத்துப் போட்டவருக்கு முதுகெல்லாம் அரிக்கும். குடியிருப்பவர்கள் ஓனரிடம் முறையிடுவார்கள். அவருக்கு உடனே தோன்றும் வழிகள் மூன்று. கம்பில் துணி சுற்றி மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திக் காட்டுவது, மருந்துக்கடையில் ‘ஸ்ட்ராங்கா ஏதாச்சும்’ கேட்டு வாங்கி அடிப்பது, இரண்டுக்கும் அடங்காவிட்டால் மரத்தையே வெட்டிப்போடுவது.

மூன்றுமே வேண்டாம். இலை போனதால் முருங்கை சாவதில்லை. பூச்சி மண்ணுக்குள் இறங்கிய சில வாரங்களில் மொட்டை மரம் மறுபடி துளிர்த்து நிற்கும். பதற்றத்தில் நாம் செய்யும் காரியங்கள்தான் மரத்தையும் கிணற்றையும் குழந்தையையும் பாதிக்கின்றன. பூச்சியின் பருவத்தைத் தெரிந்துகொண்டு, தெருவாகச் சேர்ந்து, கையால் எடுத்துப் போட்டால் போதும். இதில் கடினமான பகுதி ‘தெருவாகச் சேர்ந்து’ என்பதுதான். அதைப் பிறகு பேசலாம்.

பகலில் அடிமரம், இரவில் இலை

முருங்கைக் கம்பளிப்பூச்சிக்கு யூப்டெரோட்டி மோலிஃபெரா என்பது அறிவியல் பெயர். தாய் அந்துப்பூச்சி பெரியது, மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். மழைக்குப் பின் மண்ணிலிருந்து வெளிவந்து இலைகளிலும் இளந்தண்டுகளிலும் குவியல் குவியலாக முட்டையிடும். பொரித்த புழுக்கள் பிரிந்து போகாது, கூட்டமாகவே வாழும். பட்டையைச் சுரண்டும், இலையை அரிக்கும், எண்ணிக்கை பெருத்தால் மரத்தில் ஒரு இலைகூட மிஞ்சாது. பகல் நேரத்தில் மேலே இருக்காமல் இறங்கி வந்து அடிமரத்தில் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு ஒண்டியிருக்கும். இருட்டிய பிறகு மறுபடி ஏறும். வளர்ச்சி முடிந்ததும் தரைக்கு வந்து மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிவிடும்.

நமக்குப் பிடி கிடைக்கும் இடங்கள் இந்த வாழ்க்கைக்குள்ளேயே இருக்கின்றன. அந்துப்பூச்சி விளக்கைத் தேடி வரும். முட்டை ஒரே இடத்தில் குவிந்திருக்கும். புழு பகலில் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். கூட்டுப்புழு மரத்தடி மண்ணில் கிடக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் முருங்கைக்குச் சொல்லும் முறைகளும் இந்த இடங்களைக் குறிவைத்தவையே. மழை பெய்ததும் விளக்குப்பொறி வைப்பது, முட்டைக் குவியலையும் புழுக்களையும் சேகரித்து அழிப்பது, லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் வீதம் மீன் எண்ணெய் ரோசின் சோப்பு கரைத்துத் தெளிப்பது ஆகியவை அதில் உண்டு. அடிமரத்தில் கூடியிருக்கும் புழுக்களைப் பந்தம் பிடித்துச் சுடுவதும் உண்டு. ஊருக்கு வெளியே இருக்கும் தோப்புக்கு அது பொருந்தலாம். ஷீட் கூரையும் மின்கம்பியும் துணிக்கொடியும் பத்தடிக்குள் இருக்கிற வாடகை லைனில் அந்தப் பேச்சே கூடாது. முருங்கைப் பட்டை மென்மையானது, தீ நக்கிய இடம் செத்துப்போகும். அதோடு செத்த பூச்சியின் ரோமமும் அரிக்கும். எரிந்தும் எரியாமலும் கீழே கொட்டியதை மறுநாள் கூட்டுகிறவர் மூச்சிலும் தோலிலும் அது ஏறும்.

கைவேலைக்கு நல்ல நேரம் விடிந்து வெளிச்சம் வந்த பிறகு, காற்று கிளம்புவதற்கு முன். முதலில் கொடியில் உள்ள துணியை எடுத்துவிட்டு மரத்தைப் பார்த்த ஜன்னல்களைச் சாத்த வேண்டும். வேலை செய்கிறவர் முழுக்கைச் சட்டை, பேன்ட், ஷூ போட்டு, மேலே மழைக்கோட்டு மாட்டி, கையுறையும் மூக்கை மூடத் துணியும் வைத்துக்கொள்ள வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். ஆலையில் வேலை செய்பவர்கள் இருக்கும் வீட்டில் பாதுகாப்புக் கண்ணாடிக்குப் பஞ்சமிருக்காது. அடிமரத்தைச் சுற்றி அகலமான தட்டோ பழைய தார்ப்பாயோ விரித்து, மக்கில் தண்ணீர் எடுத்துக் கூட்டத்தின் மேல் மெதுவாக ஊற்றி நனைக்க வேண்டும். நனைந்த ரோமம் காற்றில் பறக்காது. ஹோஸ் பைப்பை வைத்துப் பீய்ச்சி அடித்தால் பூச்சி நாலு பக்கமும் சிதறும். நனைந்ததும் நீளக் கம்பில் கட்டிய துடைப்பத்தால் மேலிருந்து கீழாக வழித்து, சோப்புத் தண்ணீர் உள்ள பக்கெட்டில் தள்ளி, சில மணி நேரம் கழித்துக் குழியில் போட்டு மூடலாம். மேலே இலைக்கொத்தில் முட்டைக் குவியல் தெரிந்தால், காய் பறிக்க வைத்திருக்கும் தொரட்டியால் கொத்தோடு அறுத்து அதே பக்கெட்டில் போடலாம். ஒரு காலையில் எல்லாம் முடிந்துவிடாது. விட்டுப்போனவை அடுத்த பகலில் மறுபடி அடிமரத்துக்கே வரும்.

கிளையை வெட்டத் தயங்க வேண்டாம், அடியை வெட்ட வேண்டாம். 1989-ல் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வெளிவந்த பி.கே.எம்.-1 முருங்கையை, காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து சுமார் 90 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டிவிட்டு மறுதாம்புப் பயிராக மீண்டும் காய்க்க வைக்கிறார்கள். அவ்வளவு வெட்டையும் தாங்கித் துளிர்க்கிற மரத்துக்கு ஒரு தடவை இலை போவது பெரிய விஷயம் இல்லை. வருஷா வருஷம் மழைக்கு முன் கிளைகளைக் கழித்து, கைக்கு எட்டும் உயரத்தில் வைத்திருந்தால் முட்டையைப் பார்ப்பதும் எளிது. வீட்டுக்கு முன்னால் முருங்கை வைக்கக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்லி வந்ததற்கு வேதாளக் கதையைவிட இந்தப் பூச்சியும் சட்டென்று முறியும் கிளையும்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பின்கட்டிலேயே அறைகள் வந்துவிட்ட காலத்தில் முன், பின் என்ற வித்தியாசமும் போய்விட்டது.

அடித்த மருந்து யார் தட்டில்?

வாடகை லைனில் நிற்கும் முருங்கை ஒருவருக்குச் சொந்தம், பலருக்குப் பாத்தியம். ஓனர் ஞாயிற்றுக்கிழமை மருந்து அடித்தது, செவ்வாய்க்கிழமை இலை ஒடித்துக் கூட்டு வைக்கிறவருக்குத் தெரியாது. மருந்து அடித்த நேரத்தில் அவர் ஷிப்டில் இருந்திருப்பார். வீட்டு முருங்கையில் பூச்சிமருந்து கூடவே கூடாது என்று நான் சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தைக் காய்கறிகளில் பயன்படுத்த இந்தியாவில் தடை இருக்கிறது. 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டம் கண்டமன் கிராமத்துப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையலில் கலந்திருந்தது இந்த மருந்துதான். காலி டப்பாவைக் கழுவித் தண்ணீர் பிடிப்பதும், பாதி மீந்ததைச் சமையலறை மூலையில் வைப்பதும் நம் வீடுகளில் இன்றும் நடப்பதால் இதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1968-ம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் விற்கும் ஒவ்வொரு மருந்தின் லேபிளிலும் எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு என்று அச்சிட்டிருக்கும். கூடவே ஒரு சாய்சதுரம் இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பு என்றால் மிகக் கடுமையான நஞ்சு. அடுத்தடுத்துக் குறைந்து மஞ்சள், நீலம், பச்சை. எழுத்துப் படிக்கத் தெரியாதவரும் நிறத்தைப் பார்க்கலாம். சிவப்பும் மஞ்சளும் குடியிருப்புக்குள் வரவே கூடாது.

நஞ்சு பூச்சியை மட்டும் கொல்வதில்லை என்பதற்கு மரத்திலேயே சாட்சி இருக்கும். அடிமரத்துக் கூட்டத்தை உற்றுப் பார்த்தால், சில சமயம் ஒரு புழு மட்டும் அசைவில்லாமல் ஒட்டியிருக்கும். அதன் மேலோ பக்கத்திலோ வெள்ளை அரிசி போலச் சிறுசிறு கூடுகள் இருக்கும். புழுவுக்குள் முட்டையிட்டு வளர்ந்த ஒட்டுண்ணிக் குளவிகளின் கூடுகள் அவை. அந்தப் புழுவை மட்டும் வழிக்காமல் விட்டுவிட வேண்டும். அதிலிருந்து கிளம்பும் குளவிகள் அடுத்த கூட்டத்தைத் தேடிப் போகும். மருந்து அடித்தால் முதலில் ஒழிவது இந்தக் குளவிகள். ரோமம் நிறைந்த புழுவைப் பெரும்பாலான பறவைகள் தொடாது. குயில் இனத்துப் பறவைகள் தின்னும். சுடலைக்குயிலும் அக்காக்குயிலும் ரோமப்புழுக்களை விரும்பித் தின்பவை. ஏரிக்கரைப் புதர்களில் நடமாடும் செம்போத்தும் புழு தின்னும் பறவைதான். கரையும் புதரும் பிளாட்டாகிவிட்ட ஊரில் இவை எங்கே போய் ஒதுங்கும்? பூச்சி பெருகுவதைப் பற்றிப் பேசும்போது இந்தக் கேள்வியையும் கேட்டாக வேண்டும்.

கைவேலைக்கு எட்டாத உயரத்தில் கூட்டம் இருந்தால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வேப்பங்கொட்டைக் கரைசல். லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து, துணியில் முடிந்து, இரவு முழுக்க ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டி, இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் சோப்பு கலந்து மாலையில் தெளிக்க வேண்டும். இது உடனே சாகடிக்காது. புழு இலையைத் தின்ன மறுக்கும், வளர்ச்சி குலையும். 1959-ல் சூடானில் வெட்டுக்கிளிப் படை எல்லாப் பச்சையையும் மேய்ந்துவிட்டு வேம்பை மட்டும் விட்டுப் போனதைப் பார்த்து ஜெர்மானியப் பூச்சியியலாளர் ஹைன்ரிக் ஷ்முட்டரர் வேம்பை ஆராயத் தொடங்கினார். அதற்கு வெகுகாலம் முன்பே நம் பாட்டிகள் குதிருக்குள் வேப்பிலை போட்டு வைத்திருந்தார்கள். இன்னொன்று பேசில்லஸ் துரிஞ்ஜியன்சிஸ் என்ற பாக்டீரியா, கடைகளில் பொடியாகக் கிடைக்கிறது. 1901-ல் ஜப்பானில் பட்டுப்புழு நோயை ஆராய்ந்த இஷிவாட்டா இதைக் கண்டார். 1911-ல் ஜெர்மனியின் துரிஞ்ஜியாவில் பெர்லினர் மறுபடி கண்டு அந்தப் பகுதியின் பெயரையே வைத்தார். இலையோடு சேர்த்து இதைத் தின்னும் புழுவின் குடல்தான் கெடும். இளம்புழுவிடம் நன்றாக வேலை செய்யும், வளர்ந்து தடித்ததிடம் அவ்வளவாகச் செய்யாது. வெயிலில் சீக்கிரம் வீரியம் இழப்பதால் இதையும் மாலையில்தான் தெளிக்க வேண்டும்.

மெட்ஃபோர்ட் தெருக்கள்

மரத்து இலையைப் புழு தின்கிறது என்பதற்காக ஒரு சமூகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு நீண்ட கதை உண்டு. 1860-களின் இறுதியில் பாஸ்டனுக்குப் பக்கத்தில் மெட்ஃபோர்டில் குடியிருந்த எத்தியென் லியோபோல்ட் துருவலோ என்ற பிரெஞ்சு ஓவியர், பட்டு தரும் புது இனம் உருவாக்கும் ஆசையில் ஐரோப்பாவிலிருந்து ஒரு அந்துப்பூச்சியைக் கொண்டுவந்து வளர்த்தார். சில தப்பிவிட்டன. இருபது ஆண்டுகள் யாரும் பொருட்படுத்தவில்லை. 1889 கோடையில் மெட்ஃபோர்டின் தெருமரங்கள் மொட்டையாயின. வீட்டுச் சுவரிலும் நடைபாதையிலும் புழு ஊர்ந்தது.

முதலில் அவர்கள் செய்ததில் நல்லதும் இருந்தது. மரத்தைச் சுற்றிக் கோணிச்சாக்கைக் கட்டி, பகலில் அதற்குள் ஒளிய வரும் புழுக்களைத் தினமும் எடுத்து நசுக்கினார்கள். நம் முருங்கைக்கும் இந்தச் சாக்கு முறையைச் செய்து பார்க்கலாம். ஆனால் அதோடு நிற்க அவர்களுக்குப் பொறுமை இல்லை. இந்தப் பூச்சிக்காகவே 1890-களின் தொடக்கத்தில் ஈய ஆர்சனேட் என்ற நஞ்சைத் தயாரித்தார்கள். அது பிறகு ஆப்பிள் தோட்டங்களில் பல பத்தாண்டுகள் கொட்டப்பட்டது. பழைய தோட்டங்களின் மண்ணில் ஈயமும் ஆர்சனிக்கும் இன்றும் கிடக்கின்றன. அடுத்து டி.டி.டி. வந்தது. 1957-ல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் இதே பூச்சியை ஒழிக்க விமானத்திலிருந்து வீடுகள், தோட்டங்கள், மாடுகள் மேலெல்லாம் அதைத் தெளித்தார்கள். பறவையியலாளர் ராபர்ட் குஷ்மன் மர்ஃபி உள்ளிட்ட குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்துத் தோற்றார்கள். அந்த வழக்கில் திரண்ட தகவல்கள் ரேச்சல் கார்சனின் கைக்குப் போயின. 1962-ல் அவர் எழுதிய ‘சைலன்ட் ஸ்பிரிங்’ நூல் வெளிவந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் பூச்சி ஒழியவில்லை. 1989-ல் கனெக்டிகட் பகுதியில் அந்தப் புழுக்கள் கொத்துக் கொத்தாகச் செத்துத் தொங்கின. காரணம் என்டமோஃபாகா மைமைகா என்ற பூஞ்சை, ஜப்பானில் அறியப்பட்டது. ஈரமான ஆண்டுகளில் அது பூச்சியைக் கட்டுக்குள் வைக்கிறது. நூறு ஆண்டு நஞ்சால் முடியாததை ஒரு பூஞ்சை செய்தது.

இலை போவதால் நஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நிலம்பூர்த் தேக்குத் தோட்டங்களில் ஹைப்ளியா புயரா என்ற புழு மழைக்காலத் தொடக்கத்தில் காடு முழுவதையும் மொட்டையடிக்கும். கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தினர் 1980-களில் ஆராய்ந்ததில், காப்பாற்றப்படாத இளந்தேக்குகள் வளர்ந்திருக்க வேண்டிய பருமனில் 44 சதவீதத்தை இழந்திருந்தன. மரங்கள் சாகவில்லை. வருமானத்துக்காக வளர்க்கும் தோட்டத்துக்கு அது பெரிய இழப்புதான். பிளாட்டின் ஓரத்தில் இரண்டு தேக்கு வைத்திருக்கிற வீட்டுக்காரர் அதற்காகத் தெளிப்பானைத் தூக்க வேண்டியதில்லை.

எல்லாப் புழுவும் கம்பளிப்பூச்சி இல்லை

கம்பளிப்பூச்சியைப் பார்த்த பயத்தில் வேறு புழுக்களையும் நசுக்கிவிடுகிறோம். வாசலில் நந்தியாவட்டை இருந்தால் என்றாவது ஒரு நாள் அதன் இலைகள் திடீரென்று காணாமல் போகும். தேடினால் பெருவிரல் பருமனில் வழவழப்பான பச்சைப்புழு ஒன்று இருக்கும். தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். உடனே கழுத்துப் பக்கம் புடைத்து, கறுப்பு விளிம்பிட்ட இரண்டு நீலக்கண்கள் விழித்துப் பார்க்கும். பாம்பு என்று அலறுவார்கள். அவை கண்களே இல்லை, வெறும் புள்ளிகள். வாலில் நிற்கும் சிறு கொம்பும் கொட்டாது. இது அரளியிலும் வாழும் ஒரு பருந்து அந்துப்பூச்சியின் புழு. ரோமம் இல்லை, அரிப்பும் இல்லை. சில நாளில் நிறம் மாறிக் கீழே இறங்கிவிடும்.

எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் பறவை எச்சம் காய்ந்து ஒட்டியதாகத் தெரிவது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. வளர்ந்ததும் பச்சையாகும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பு நீண்டு காரமான வாடை வீசும். பெரிய மரமாக இருந்தால் விட்டுவிடலாம். தொட்டிச் செடி என்றால் விரலால் எடுத்து வேறு எலுமிச்சையில் விடலாம். சரக்கொன்றையை மொட்டையடிப்பது வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழு. புங்கன் தளிர்களை அரிப்பது ஹசோரா குரோமஸ் என்ற பழுப்பு வண்ணத்துப்பூச்சியின் புழு. இரண்டும் மனிதரை ஒன்றும் செய்யாது.

தென்னை வேறு கணக்கு. கீழ்மட்டைகள் தீய்ந்தது போலக் காய்ந்து, ஓலையின் அடிப்புறத்தில் நூலும் எச்சமும் கலந்து நூலாம்படை நடை தெரிந்தால் அது கருந்தலைப் புழு. இதற்கு வீட்டு வைத்தியம் பார்க்க வேண்டாம். காய்ந்த மட்டைகளை வெட்டி அப்புறப்படுத்திவிட்டு வேளாண்மை விரிவாக்க மையத்தில் சொல்ல வேண்டும். கோனியோசஸ் நெபாண்டிடிஸ், பிரக்கான் பிரெவிகார்னிஸ் என்ற குளவிகளை வளர்த்து விடுவது இதற்குப் பல காலமாகப் பயன்பட்டுவரும் முறை. ஹெக்டேருக்கு 3,000 குளவிகள் என்பது கோனியோசஸுக்கான அளவு. ஒரு வீட்டுத் தென்னையில் மட்டும் விட்டுப் பயன் இல்லை, பக்கத்து மரங்களையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

சுணை பட்டால்

கம்பளிப்பூச்சி கடிப்பதில்லை. அதன் ரோமங்களில் கண்ணுக்குத் தெரியாத முட்கள் இருக்கின்றன, அவை தோலில் ஏறுவதுதான் சுணை. பட்டவுடன் தேய்ப்பது நம் கையின் முதல் வேலை, அதைத்தான் செய்யக் கூடாது. தேய்த்தால் ரோமம் ஆழமாக ஏறும், வேறு இடத்துக்கும் பரவும். செல்லோ டேப்பை ஒட்டி உரித்தால் ரோமம் அதோடு வரும். புதுத் துண்டுகளாக நாலைந்து முறை செய்துவிட்டு, சோப்பு போட்டுத் தண்ணீர் விட்டுக் கழுவி, போட்டிருந்த துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். விபூதி, மஞ்சள், வெற்றிலை என்று பூசுகிறவர்கள் ரோமத்தை எடுத்த பிறகு பூசிக்கொள்ளட்டும். உடம்பெல்லாம் தடித்தாலோ மூச்சு இழுத்தாலோ முகம் வீங்கினாலோ 108-ஐக் கூப்பிட வேண்டும்.

கண்ணில் விழுந்தால் வைத்தியமே வேறு. கண் மருத்துவத்தில் ஆப்தால்மியா நோடோசா என்று பெயர் பெற்ற நோய் இந்த ரோமத்தால் வருவது. முள் அமைப்பினால் ரோமம் முன்னோக்கியே நகரும், கசக்கக் கசக்க உள்ளே போகும். கருவிழிக்குள் புகுந்த ரோமம் மாதக்கணக்கில் கழித்தும் அழற்சி உண்டாக்கலாம். சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவி, கசக்காமல், அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். ‘சிவப்பு குறைந்துவிட்டது’ என்று நைட் ஷிப்டுக்குக் கிளம்புகிறவரைத் தடுத்து அனுப்பி வையுங்கள். பைக்கில் மரத்தடி வழியாகப் போகும்போது ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள்வதும் இந்தப் பருவத்தில் நல்லது.

தெருவாகச் சேர்வது

ஒரகடம் பகுதியின் மானாவாரி நிலங்களில் வேர்க்கடலை போட்ட தலைமுறைக்குச் சிவப்புக் கம்பளிப்புழு தெரியும். கனமழைக்குப் பின் அந்துப்பூச்சி கிளம்பும் மாலைகளில் விளக்குப்பொறி வைப்பார்கள், சொக்கப்பனை மாதிரி நெருப்பு மூட்டுவார்கள். புழு நிலம் விட்டு நிலம் நகரும்போது குறுக்கே பள்ளம் வெட்டித் தடுப்பார்கள். கோடை உழவில் மண்ணைப் புரட்டிக் கூட்டுப்புழுவை வெயிலுக்கும் பறவைக்கும் காட்டுவார்கள். ஒருவர் நிலத்தில் மட்டும் செய்தால் பலன் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் ஊரே சேர்ந்து செய்தது. அந்த நிலங்கள் ஆலைகளாகவும் மனைகளாகவும் ஆகிவிட்டன. அறிவு இன்னும் ஊரில்தான் இருக்கிறது, பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

இன்றைய தெருவில் சிக்கல் வேறு. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் வந்தது. பிறகு இந்தச் சாலைகளில் வந்து குடியேறியவர்களுக்குக் கணக்கில்லை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காகத் திறந்த சிப்காட் குடியிருப்பு மட்டுமே 18,720 பேருக்கானது. ஒரே லைனில் தர்மபுரிக்காரரும் ஒடிசாக்காரரும் அடுத்தடுத்த அறையில் இருப்பார்கள், ஷிப்ட் மாறுவதால் வாரக்கணக்கில் முகம் பார்த்திருக்க மாட்டார்கள். மரம் ஓனருடையது, அரிப்பு குடியிருப்பவருடையது, பூச்சி பக்கத்து மனையிலிருந்து வருகிறது. ஒருவர் வழித்துப் போட்ட மறுவாரம் மதிலுக்கு அந்தப்பக்கத்து மரத்திலிருந்து இந்தப்பக்கம் ஏறும். பூட்டிக் கிடக்கும் காலி மனைகளில் தானாக முளைத்த முருங்கையும் ஆமணக்கும் யாருடைய பொறுப்பு என்றே யாருக்கும் தெரியாது.

இதை ஊராட்சி எடுத்துச் செய்யலாம். தூய்மைப் பணியாளர் மேல் கூடுதல் சுமையாக ஏற்றாமல், மழை விட்ட முதல் வாரத்தில் தெருவுக்கு ஒரு காலை என்று அறிவித்து, துடைப்பமும் கையுறையும் கண்ணாடியும் கொடுத்து, வீட்டுக்கு ஒருவர் வரச் சொன்னால் போதும். தண்ணீர் லாரி எப்போது வரும் என்று சொல்ல ஒவ்வொரு லைனுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதே குழுவில் ‘நாளைக்குக் காலையில துணி காயப்போடாதீங்க, ஜன்னலச் சாத்திக்கோங்க’ என்று தமிழிலும் இந்தியிலும் ஒரு குரல்பதிவு அனுப்பிவிடலாம்.

ஆலைகளுக்கும் வேலை இருக்கிறது. சுற்றுச்சூழல் அனுமதி பெறும் தொழிற்சாலைகளுக்கு மனைப்பரப்பில் 33 சதவீதம் பசுமை வளையம் என்பது வழக்கமான நிபந்தனையாக இருந்துவந்தது. அதை ஒரே மரத்தை வரிசையாக நட்டு நிரப்புவது எளிது, பராமரிப்பும் சுலபம். ஒரே இலையைத் தேடும் புழுவுக்கும் அது சுலபம். வேம்பு, நாவல், பூவரசு, இலுப்பை, மகிழம், நுணா என்று கலந்து நட்டு, நடுவில் புதர் வளர இடம் விட்டால் குளவிக்கும் குயிலுக்கும் அங்கே வாழ இடம் கிடைக்கும். வளையத்தில் மருந்து அடிக்கிற ஒப்பந்தக்காரர் என்ன அடிக்கிறார், எந்த நிற லேபிள் என்பதை மதிலுக்கு வெளியே இருக்கும் ஊருக்கும் சொல்ல வேண்டும்.

என்ன பூச்சி என்றே தெரியாவிட்டால் போனில் தெளிவாகப் படம் எடுத்துக்கொண்டு வேளாண்மை விரிவாக்க மையத்துக்கோ காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ போகலாம். 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணில் காலை 6 முதல் இரவு 10 வரை தமிழிலேயே கேட்கலாம், கட்டணம் இல்லை.

ஐப்பசிக்கான ஏற்பாடு கோடையிலேயே தொடங்குகிறது. பங்குனி, சித்திரையில் முருங்கையடி மண்ணை வேர் அறுபடாமல் மேலாகக் கொத்திப் புரட்டிவிட வேண்டும். ஆனி, ஆடியில் வேப்பம்பழம் உதிரும்போது பொறுக்கி, சதையைக் கழுவி, கொட்டையை நிழலில் உலர்த்திச் சாக்குப்பையில் கட்டி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். மூன்று மாதத்துக்குக் குறையாமலும் எட்டு மாதத்துக்கு மேற்படாமலும் இருக்கும் கொட்டையில்தான் கரைசலுக்கு வீரியம் இருக்கும். ஆடியில் பொறுக்கியது ஐப்பசிக்குச் சரியாக மூன்று மாதம் கண்டிருக்கும்.